செத்ததை எழுதியவள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்தேன், சிரிக்கும்போது அப்படியே உன் சின்ன வயது முகம், நீயும் அந்த ஓட்டைப் பல்லோடுதான் ஒரு வருஷம் முழுக்க வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்தாய். என் முழங்கால் பரவாயில்லை, நீ அனுப்பிய தைலம் நல்ல வாசனை, வலி போகவில்லை, வாசனைக்காகத் தடவிக்கொள்கிறேன். சமையலறைக் கூரை ஒழுகின இடத்தில் அப்பா தகரம் அடித்துவிட்டார், இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. மாப்பிள்ளைக்கு இன்னும் இரவு வேலைதானா, பகலில் தூங்குகிறவருக்கு ஜன்னலில் கனமான துணி போடு என்று சொல்லியிருந்தேனே, போட்டாயா? இதெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய செய்தியில் ஒரே வரிதான் இருந்தது. சித்தப்பா குளத்தைப் பூட்ட வச்சது நீங்கதானாமே, ஏம்மா இப்படிப் பண்ணீங்க என்று. ஆமாம், நான்தான். யார் உனக்குச் சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன், சித்தப்பாவே சொல்லியிருப்பார், அழுதுகூடச் சொல்லியிருப்பார், அவருக்கு அழுகை சீக்கிரம் வரும். அவர் பக்கத்துக் கதை உன் காதுக்கு வந்துவிட்டது, என் பக்கத்துக் கதையையும் முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் கேள் ஏன் என்று.

நீ மீன் நோய்ப் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது செய்த முதல் வேலை என்ன, நினைவிருக்கிறதா? நீள நோட்டு ஒன்றை வாங்கிவந்து கோடு போட்டாய். தண்ணீர் எவ்வளவு சூடு, என்ன நிறம், தீவனம் போட்டால் ஓடி வருகிறதா ஒதுங்கி நிற்கிறதா, எத்தனை செத்தது, செத்தது கரையோரமா நடுவிலா, செவுள் சிவப்பா வெளுப்பா, என்ன மருந்து போட்டோம், மருந்து போட்டபின் எப்போது பிடிக்கலாம், வலை யாரிடம் போய் யாரிடமிருந்து வந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். அப்பா அதைப் பார்த்துவிட்டு மீன் வளர்க்கிறதா பரீட்சை எழுதுறதா என்று கேட்டார். நீ என்னைத்தான் உட்கார வைத்தாய். நமக்கு உடம்பு சரியில்லைன்னா டாக்டர் முதல்ல என்ன கேப்பாங்க, எப்போ ஆரம்பிச்சதுன்னுதானே, மீன் அதைச் சொல்லாது, நீங்கதான் சொல்லணும் என்று சொன்னாய். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் நான்கு குளத்தையும் சுற்றிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எழுதிவிட்டுத்தான் டீ குடிப்பேன். உன் சித்தப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. அண்ணி மீனுக்கெல்லாம் பேர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுக்கிறாங்க, எது இன்னைக்கு லீவுன்னு கேளுங்க என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் சிரித்துக்கொள்வேன். அப்புறம் மீன் வாங்குகிறவர்கள் எல்லாக் குளத்துக்கும் நலப் பதிவு இருந்தால்தான் எடுப்போம் என்று சொன்னதும் அவரும் ஒரு நோட்டு வாங்கினார். மாதக் கடைசியில் ஒரு நாள் காலை நீட்டி உட்கார்ந்து ஒரே பேனாவில் மொத்தத்தையும் எழுதிமுடிப்பார். சாவு இல்லை, சாவு இல்லை, சாவு இல்லை. ஒரு தடவை வரப்போகிற வாரத்துக்கும் சேர்த்துச் சாவு இல்லை என்று எழுதிவைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை மனிதருக்கு.

குளங்கள் எப்படி இருக்கின்றன என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், நடந்தது முழுக்க அதில்தான் இருக்கிறது. உன் தாத்தா நிலத்தைப் பிரித்தபோது வாய்க்காலின் மேல்பக்கம் சித்தப்பாவுக்கு, அதற்குக் கீழ்ப்பக்கம் நமக்கு. அவர் குளத்துக் கழிவுத் தண்ணீரைத் திறந்தால் வாய்க்காலில் விழும், நம் மதகு அதற்குக் கொஞ்சம் கீழே, அங்கேதான் நாம் தண்ணீர் எடுக்கிறோம். நமக்கும் கீழே இன்னும் சிலருடைய குளங்கள், கடைசியில் அந்த ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டருடையது. போன வெயில் காலத்தில் சித்தப்பா நம் பெரிய வலையை வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரவில்லை என்று அப்பா எடுத்துவரப் போனார். போனவர் முகமே சரியில்லாமல் திரும்பிவந்தார். அவன் தீவனக் கொட்டகைக்குப் பின்னால குழி தோண்டி மீனை அள்ளி அள்ளிப் போடுறான், என்னைப் பார்த்துட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டான், அங்க ஏதோ சரியில்லை என்று காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். இதை அவர் வாயால்தான் கேட்டேன், என் கற்பனை இல்லை. வலை ஈரமாக வந்திருந்தது, மருந்துத் தண்ணீரில் முக்கியும் எடுக்கவில்லை, வெயிலில் காயவைக்கவும் இல்லை. நான் அதையும் எழுதினேன். வலை மேல்குளத்திலிருந்து ஈரமாக வந்தது என்று. உன் கட்டம் இருக்கிறதே, நிரப்ப வேண்டாமா? வலையை ஒதுக்கிப் போட்டோம், ஆனால் தண்ணீரை எங்கே ஒதுக்குவது, அது அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது.

கொஞ்ச நாளிலேயே நம் முதல் குளத்துக் கெண்டைகள் தீவனத்துக்கு வரவில்லை. கரையோரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. வயிற்றில் சிவப்புப் புள்ளி, செவுள் வெளிறிப்போய், தொட்டால் விலகி ஓடக்கூடத் தெம்பில்லை. முதல் நாள் சிலது செத்தது, எழுதினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம், எழுதினேன். சந்தேகம்னா அன்னைக்கே சொல்லிடணும், நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்தபடி நானே மீன்வள அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தக் கண்ணாடிக்கார அதிகாரி வந்தார். பாவம் நல்ல மனிதர்தான், குனிந்து குனிந்து பார்த்தார், தண்ணீரைப் புட்டியில் பிடித்தார், மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். அப்புறம் வாய்க்காலோரம் இருக்கிற எல்லாருடைய பதிவையும் வரவழைத்து நம் வீட்டுக் கூடத்து மேஜையில் பரப்பினார். எல்லாருடையதிலும் சாவு இல்லை. கண்டக்டர் சாவு இல்லை என்று எழுதக்கூடச் சோம்பல்பட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்திருந்தார். நம் நோட்டில் மட்டும்தான் செத்தது, செவுள், புள்ளி, எல்லாம் தேதி போட்டு இருந்தது. அதிகாரி அப்பாவிடம் கேட்டார், மேல்குளத்துல ஏதாவது பாத்தீங்களா, வலை ஈரமா வந்துச்சுன்னு அம்மா எழுதியிருக்காங்களே என்று. நான் அப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார். அப்பா சொன்னார், நான் ஒண்ணும் பாக்கலைங்க, வலை வழியில நனைஞ்சிருக்கும்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாய் இல்லையா? திறந்தேன். இவர்தான் குழி தோண்டுறதைப் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னாரு என்று சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, இவ ஏதோ தப்பா விளங்கிக்கிட்டா என்றார். கட்டிய மனுஷன் அதிகாரி முன்னால் அப்படிச் சொன்னபின் எனக்கு என்ன மரியாதை? அதிகாரி கொட்டகைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார், அதற்குள் அங்கே மண்ணைச் சமன் செய்து தீவன மூட்டைகளை அடுக்கி முடித்திருந்தார்கள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, மேல இருந்து வந்திருக்கும்னுதான் எனக்கும் தோணுது, ஆனா என் கையில இருக்கிற எழுத்துல முதல் சாவு உங்க குளத்துலதான் இருக்கு, நான் அதை வச்சுத்தான் எழுத முடியும் என்றார். எழுதினார். நோய் கிளம்பிய இடம் நம் குளம். நான்கு குளத்தையும் வடித்து, உயிரோடு இருப்பதையும் சேர்த்து அழிக்க வேண்டும். வாசல் கேட்டில் சிவப்புப் பலகை. குளத்தை வடித்த அன்று நான் கரைப்பக்கம் போகாமல் இருந்திருக்கலாம், புத்தி இல்லாமல் போனேன். கடைசிக் குளத்து மீனை நோய் இன்னும் தொட்டிருக்கவில்லை. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தபின்னும் என் காலடிச் சத்தம் கேட்டுத் தீவனத்துக்கென்று ஒரே கும்பலாக என் பக்கம் திரும்பிவந்தன. அவற்றைத்தான் அள்ளிச் சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். அதே வாரம் சித்தப்பா தன் குளத்து மீனையெல்லாம் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார். பதிவு சுத்தமாக இருந்ததே, யார் தடுப்பார்கள்? லாரி நம் சிவப்புப் பலகையைத் தாண்டித்தான் போயிற்று. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பா அந்த நேரத்தில் போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்கத்துக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கண்டக்டர் நம் கேட்டுக்கு வெளியே நின்று, நோயை வளத்து விட்டுட்டு எழுதி வேற வச்சிருக்கா பாரு என்று தெருவே கேட்கக் கத்தினார்.

அன்று அப்பாவிடம் நான் போட்ட சண்டை உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. அவன் என் கூடப் பொறந்தவன், அவனை நான் எப்படிக் காட்டிக் குடுக்கிறது, நமக்குப் போனது போச்சு, அவனுக்காவது மிஞ்சட்டும் என்றார். என் கையால் வளர்த்தது போனதைப் பற்றி அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சரி, அவர் அப்படி. நீ? உனக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ உடனே, இனிமே அங்கொண்ணு இங்கொண்ணு செத்தா எழுதாதீங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, இங்கயும் அப்படித்தான் நடக்குது, நீங்க மட்டும் எதுக்குத் தலையக் குடுக்கிறீங்க என்றாய். நான் பாத்திரம் கழுவின ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சரி, வச்சிடறேன் என்றுதான் சொன்னேன். சித்தப்பா செய்ததுக்கு எனக்குக் கோபம் வந்தது, அப்பா செய்ததுக்கு அழுகை வந்தது, நீ சொன்னதுக்கு எதுவுமே வரவில்லை, அப்படியே மரத்துப்போய்விட்டேன். எழுது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவள் நீ. அதை விட்டுவிடு என்று சொல்ல உனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நீ என் நல்லதுக்குத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன், மனசுக்குள் வைத்துப் புழுங்க எனக்கு இனிமேல் வயசில்லை.

குளம் காய்ந்து கிடந்த காலத்தில் அப்பா தீவனக் கிடங்கில் மூட்டை இறக்கப் போனார், இந்த வயதில். நான் பள்ளிக்கூட உடுப்பு தைத்துக் கொடுத்தேன். சித்தப்பா நம் வீட்டுப் பக்கம் வரவில்லை, ஆனால் சித்தி வந்துகொண்டுதான் இருந்தாள், முன்வாசல் வழியாக இல்லை, பின்பக்க வேலியைத் தாண்டி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஆபரேஷன் ஆனபோது நீ வரமுடியாமல் அங்கே தவித்துக்கொண்டிருந்தாயே, அப்போது என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான், எனக்குத் தலை வாரிவிட்டவள், நான் வாந்தி எடுத்ததைக் கையில் ஏந்தியவள். சித்தப்பா செய்ததைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். தைத்த உடுப்புக்குப் பித்தான் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். இந்தப் பருவத்தில் நாங்கள் மறுபடி குஞ்சு விட்டோம், இரண்டு குளத்தில் மட்டும். நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன், எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நோட்டை எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

போன மாதம் ஒரு காலையில் சித்தி வேலியைத் தாண்டி வந்தாள். கையில் மூடிபோட்ட தூக்குவாளி. சாப்பாடு ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அக்கா, நீங்கதான் இதெல்லாம் பாத்திருக்கீங்க, இது என்னன்னு பாருங்க, அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன் என்றாள். மூடியைத் திறந்தேன். இரண்டு கெண்டை. வயிற்றில் அதே சிவப்புப் புள்ளி, செவுள் அதே வெளுப்பு. எத்தனை நாளா என்று கேட்டேன், இப்போதான் ஆரம்பிச்சிருக்கு, ஒரு குளத்துல மட்டும்தான் என்றாள். என்ன மருந்து, எப்படிக் கலக்க வேண்டும், முதலில் தண்ணீர் வெளியே போகாமல் அடைக்க வேண்டும், அதிகாரியைக் கூப்பிட வேண்டும், எல்லாம் சொன்னேன். கூப்பிட மாட்டாருக்கா, பிடிக்கிறதுக்கு ஆள் சொல்லியாச்சு, நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உங்களை நம்பித்தான் வந்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. மீன் இங்கேயே இருக்கட்டும், நீ போ என்றேன். அவள் அதை வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு போனாள்.

உடனே போன் செய்யவில்லை, அதையும் தெரிந்துகொள். முதலில் சித்தப்பாவிடமே போனேன், அத்தனை மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக. சித்தி வந்ததைச் சொல்லவில்லை, வெயில் ஏறுதே, உங்க பக்கம் மீனெல்லாம் எப்படி இருக்கு, கழிவுத் தண்ணியைக் கொஞ்ச நாளைக்கு விடாம இருங்களேன் என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். சிரித்தார். என்ன அண்ணி, வருகைப் பதிவு எடுக்க எங்க குளத்துக்கும் வந்துட்டீங்களா, நாளைக்குக் காலையில தண்ணி மாத்தப்போறேன், உங்களுக்கு பயமா இருந்தா உங்க மதகை மூடிக்கோங்க என்றார். யோசித்துப் பார், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் திறக்கப்போகிறார். நம் மதகை மூடிக்கொள் என்று எனக்கு வழியும் சொல்லிக் கொடுக்கிறார். நான் மூடிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். நம் குஞ்சு பிழைத்திருக்கும், சித்தி பழையபடி வேலியைத் தாண்டி வந்துகொண்டிருப்பாள், அப்பா சந்தோஷப்பட்டிருப்பார், நீ சொன்ன மாதிரியும் ஆகியிருக்கும். தண்ணீர் நம்மைத் தாண்டிக் கீழே போய்க் கண்டக்டர் குளத்திலும் மற்றவர்கள் குளத்திலும் இறங்கியிருக்கும். என்னைத் திட்டினவர்கள்தானே, போகட்டும் என்றுகூட வீட்டுக்கு நடந்து வரும்போது நினைத்தேன். மதகைத் திருகி மூடினேன். மூடிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நான் உள்ளே போய் என் நோட்டில் என்ன எழுதுவது, மதகு மூடப்பட்டது, காரணம் இல்லை என்றா? அந்தக் கட்டத்தில் பொய் எழுத ஆரம்பித்தால் அப்புறம் எனக்கும் அந்த லாரி முன்சீட்டுக்கும் என்ன வித்தியாசம்? போய் அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் முதலில், அம்மா, நல்லா யோசிச்சீங்களா, போன தடவை மாதிரி இதுவும் உங்க தலையில வந்து விழும் என்றார். பிறகு, தகவல் குடுத்தது யாருன்னு எழுதட்டும் என்று கேட்டார். என் பேரைப் போடுங்க, மீன் எங்கிட்ட ஐஸ்ல இருக்கு என்றேன்.

சித்தப்பா கழிவு மதகைத் திறக்கப் போகும்போது அதிகாரியின் ஜீப் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை, வலையைப் போட்டு மீனைத்தான் பார்த்தார்கள். அதே நோய். பலகை அடித்தார்கள், வாய்க்கால் வாயை மூட்டை போட்டு அடைத்தார்கள். சித்தப்பா கரையில் நின்று என்னைப் பார்த்து, அண்ணி, உங்க வயித்தெரிச்சல் இப்போ அடங்குச்சா என்று கத்தினார். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், பலகைக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது, நிம்மதி என்றுகூடச் சொல்லக் கூடாது, சந்தோஷம்தான். அப்புறம் சித்தி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் துடைப்பம் அப்படியே இருந்தது. நான் எடுத்துவந்து கொடுத்த பனிக்கட்டிப் பெட்டியில் இருந்த அந்த இரண்டு மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தச் சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை.

எப்படி முடிந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் தெரிந்ததால் அவருக்கு ஒரு குளம்தான் போயிற்று. மற்றவற்றை மருந்து போட்டுக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், மூன்று குளம் அப்படியே மிஞ்சியது. நமக்கு நான்கும் போனது, அவருக்கு மூன்று நின்றது, நான் சொன்னதால் நின்றது, அதை அவர் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். கீழ்ப்பக்கம் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தாயா? வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள். கண்டக்டர் டீக்கடையில் உட்கார்ந்து, அது அண்ணன் தம்பிக்குள்ள சொத்துச் சண்டை, மீனை வச்சுத் தீத்துக்கிட்டாங்க என்று சொன்னாராம். போன வாரம் மளிகைக் கடையில் சித்தி எனக்கு முன்னால் நின்றிருந்தாள். பேசலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே திரும்பி, உங்களை நம்பி வந்தேன்க்கா என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீதிச் சில்லறையைக்கூட வாங்கவில்லை. அவள் வீட்டில் என்ன பாடுபட்டாளோ எனக்குத் தெரியாது, கேட்கிற உரிமையும் இனி எனக்கு இல்லை. வேலியில் அவள் தாண்டி வருகிற இடத்தில் முள் வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், ரேடியோவோடு பேசுகிறார், விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டியிருந்தால்கூட பூனையிடம் சொல்கிறார். தம்பி பொய்யைத் தாங்கிக்கொண்ட மனிதருக்குப் பெண்டாட்டி உண்மையைத் தாங்க முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஏன் பண்ணினேன் என்றால், மறுநாள் காலை அவர் தண்ணீரைத் திறக்க இருந்தார், அதற்குமேல் என்னிடம் வேறு காரணம் கிடையாது. சித்திக்கு நான் செய்தது துரோகம்தான், அதை நியாயம் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இந்தத் தடவை உன்னிடம் அறிவுரை கேட்கவில்லை பார், கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும், அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. நீ அங்கே பெரிய பெரிய பண்ணைக்குப் போய் நலப் பதிவைச் சோதிக்கிற வேலை பார்க்கிறாய். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பண்ணையிலாவது யாராவது செத்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தால், அதை வைத்தே அவர்களைப் பிடித்துவிடாதே. பேனாவை மூடிவைத்துவிட்டு மேல்பக்கத்துக் குளத்துக்கும் நடந்து போய்ப் பார். சாவே இல்லை என்று சுத்தமாக எழுதியிருக்கிறதே, அங்கே முதலில் போ. ஷூ நனைந்தால் நனையட்டும்.

வேறென்ன, குட்டியைக் குளிரில் வெறும் காலோடு விடாதே, காதையும் மூடு. வெளியே வாங்கித் தின்பதைக் குறை, மாப்பிள்ளைக்கு அல்சர் வந்தது மறந்துபோச்சா? நீ கோபப்பட்டால் கோபப்படு, ஆனால் பதில் எழுது, போனில் வேண்டாம். சித்திக்கு ஒரு தடவை போன் செய், நான் சொன்னதாகச் சொல்லாதே, அவள் உன்மேல் பிரியமாகத்தான் இருக்கிறாள், எடுப்பாள். நீ ஊருக்கு வரும்போது அவர்கள் வீட்டுக்கும் போய்விட்டு வா, என்னைப் பற்றி என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு வா. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் முகம் பார்த்து ஒருத்தர் பேசிக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் எழுதுகிறேன், ஏதாவது சொல்லணுமா என்று அப்பாவிடம் கேட்டேன், ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார், உறையை எடுத்துவரப் பீரோவைத் திறந்தபோது பின்னாலிருந்து, அவளை உடம்பைப் பாத்துக்கச் சொல்லு என்றார். பலகை அடித்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். உனக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் சொன்னார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா